எஞ்சின் நின்ற இடம்

சித்திரை பிறந்ததிலிருந்து அஹமது கபீரும் அரசப்பனும் எஞ்சினைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள். மற்றப் பேச்செல்லாம் நின்றுபோயிருந்தது.

இருவருக்கும் பொதுவாக ஒரு வத்தை இருந்தது. பலகை வைத்துக் கட்டிய, பாய்மரம் நிறுத்தி ஓட்டக்கூடிய நாட்டுப்படகு. அதன் நடுவயிற்றில் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. எஞ்சின் வந்தபிறகு பாய் விரிப்பது மெல்லக் குறைந்து ஒரு கட்டத்தில் நின்றே போனது. பாய்த்துணி அரசப்பன் வீட்டில், மழை வந்தால் நெல்லை மூடும் படுதாவாகக் கிடந்தது. இப்போது எஞ்சினுக்கும் வயதாகிவிட்டது. காலையில் கைப்பிடி போட்டுச் சுற்றினால் இருமியது. புகை வெள்ளையாக வந்தது. ஒரு நாள் ஓடினால் இரண்டு நாள் மல்லிப்பட்டினம் கரையில் சும்மா கிடந்தது.

புது எஞ்சின் போட வேண்டும் என்பது கபீரின் கட்சி. பழையது மாதிரி ஒற்றை சிலிண்டர் இல்லை, இரட்டை சிலிண்டர்.

"மீனு தூரமாப் போயிடுச்சு அரசு. நாம பொக்கு பொக்குன்னு போய்ச் சேர்றதுக்குள்ள மத்தவன் வலைய இழுத்துட்டுத் திரும்பிடுறான். பெரிய எஞ்சின் இருந்தா விடியறதுக்குள்ள அங்க நிக்கலாம், மத்தியானம் லுஹர் தொழுகைக்கு வீட்டுக்கு வந்துடலாம்."

அரசப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பயந்தது படகுக்காக.

"எஞ்சின் பெருசா வைக்கணும்னா அது உக்கார்ற மேடையைப் பெருசாக்கணும். அதுக்கு ரெண்டு விலாக்கட்டைய அறுக்கணும். விலா எலும்ப எடுத்துட்டு உள்ள பெரிய இருதயத்த வச்சா மனுசன் நடப்பானா? அதிர்ற அதிர்ச்சில பலகை விட்டுப்போகும். இருக்கிறதையே சரிபண்ணுவோம்."

"சரிபண்ணிச் சரிபண்ணித்தான் இந்த லட்சணத்துல நிக்குது."

இப்படியே நாள் போனது. பேராவூரணியிலிருந்து வந்த ஒரு மெக்கானிக் சரிசெய்யலாம் என்றார். அதிராம்பட்டினத்திலிருந்து வந்த இன்னொருவர் தூக்கிப் போடுங்கள் என்றார். ஆளுக்கொரு சாட்சி கிடைத்ததில் சண்டை பலமானது. கடைசியில் கபீரின் மனைவி கமருன்னிஸாதான் இதற்கு ஒரு முடிவு கட்டினார். நாகப்பட்டினத்தில் இருக்கும் தன் தங்கையிடம் போனில் விசாரித்து, படகு எஞ்சின் வேலை நன்றாகப் பார்க்கும் ஆள் ஒருவரை வரச் சொல்லிவிட்டார்.

"அவங்க என்ன சொல்றாங்களோ அதைக் கேட்டுக்கங்க. ரெண்டு பேரும் இதையே பேசிப் பேசி எனக்குக் காது புளிச்சுப்போச்சு" என்றார்.

வந்தது ஒரு பெண். பெயர் ஜெனிட்டா. நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் பின்னால் அவளும் கணவர் ஜெரால்டும் பட்டறை வைத்திருந்தார்கள். லேத் வேலை ஜெரால்டுடையது, எஞ்சின் வேலை இவளுடையது. முப்பத்தைந்து வயதிருக்கும். சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடும் காக்கிச் சட்டை ஒன்றைப் போட்டு, கனமான ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் பேருந்தில் வந்து இறங்கினாள். கமருன்னிஸா கொடுத்த இடியாப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு நேராகக் கரைக்கு வந்தாள்.

வத்தையை இழுத்துக் கரையோரம் கட்டியிருந்தார்கள். அரசப்பன் கைப்பிடியைச் சுற்ற, நாலாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. ஜெனிட்டா கரையில் நின்றபடியே உடம்பை வளைத்து, நீளமான திருப்புளியின் முனையை எஞ்சின் மேல் வைத்து மரப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டாள். பிறகு நிறுத்தச் சொல்லி, ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தாள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது.

"தண்ணி உள்ள இறங்குது. மேல்மூடி ஹெட் வழியாவும் இறங்கலாம், உள்குழாய் லைனர் வழியாவும் இறங்கலாம். ரெண்டுன்னாலும் சரிபண்ணலாம். ஆனா எஞ்சின் உடம்பு, அந்த பிளாக்குலயே விரிசல் இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது."

"அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார் கபீர்.

"இப்படிச் சும்மா நிக்கிறப்பச் சொல்ல முடியாதுண்ணே. பாரம் இழுத்துக்கிட்டு ஓடணும். கொஞ்ச நேரம் கடல்ல ஓடினா சூட்டை வச்சும் புகையை வச்சும் சொல்லிடுவேன்."

"அப்ப ஏறுங்க, போய்ட்டு வந்துடுவோம்."

ஜெனிட்டா ஏறவில்லை. பையின் வாரைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்தாள்.

"நான் படகுல ஏறினதில்லண்ணே" என்றாள்.

கபீருக்குப் புரியவில்லை. "நாகப்பட்டினத்துல பொறந்து, படகு எஞ்சின் வேலை பாத்துக்கிட்டா?"

"எஞ்சின கழட்டிப் பட்டறைக்குக் கொண்டாந்துடுவாங்க. சுனாமில எங்க வீட்ல ரெண்டு பேரு போயிட்டாங்க. அம்மாவும் தம்பியும். எனக்கு அப்பப் பதினாலு வயசு. அதுலேருந்து கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் வேலை பாப்பேன்."

அரசப்பன் உடனே, "வேணாம்மா, நாங்க மட்டும் ஓட்டிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்றோம்" என்றார். கபீரும் தலையாட்டினார்.

"நீங்க சொல்லி எனக்குக் கேக்காது" என்றாள் அவள். பிறகு பையை முதலில் படகுக்குள் வைத்துவிட்டு, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து ஏறி, எஞ்சினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அரசப்பன் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாய்த்துணியைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கபீர் முறைத்தார். "எதுக்கு இது?"

"நோயாளியை நம்பிப் போறோம். இருக்கட்டும்" என்றார் அரசப்பன்.

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. வலை இழுக்கும் பெரிய படகுகளெல்லாம் துறைமுகத்துக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. வெளியே கடல் காலியாகக் கிடந்தது. ஒரு சிற்றலைகூட இல்லை. வத்தை கிளம்பிப் போன தடம் பின்னால் வெகுதூரத்துக்குக் கோடாகத் தெரிந்தது. தென்னந்தோப்புகளுக்கு மேலே மனோரா கோபுரம் எழும்பி, பிறகு கொஞ்சங்கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போனது.

ஜெனிட்டா கடலைப் பார்க்கவில்லை. எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள், காய்ச்சல் கண்டவர் நெற்றியில் வைப்பது மாதிரி. வேகத்தைக் கூட்டச் சொன்னாள், குறைக்கச் சொன்னாள். புகையின் நிறத்தைப் பார்த்தாள். கரை மெல்லிய பச்சைக் கோடாக ஆனபோது எஞ்சின் சத்தம் மாறியது. இரண்டு துடிப்புக்கு ஒரு தரம் உள்ளே ஏதோ மூச்சுவாங்கியது. பின்பக்கம் வெள்ளைப் புகை மேகமாகக் கிளம்பியது.

"நிறுத்துங்க" என்றாள். "இப்ப நிறுத்தினாப் பொழைக்கும். இன்னும் ஓட்டினா உள்ள சுத்துற கிராங்க் தண்டு போயிடும்."

கபீர் நிறுத்தினார்.

சத்தம் நின்றதும் மூன்று பேருக்கும் காது அடைத்துக்கொண்டது போல் இருந்தது. பிறகுதான் அது அடைப்பு இல்லை, அமைதி என்று புரிந்தது. கடல் முழுக்க எங்கேயும் ஒரு சத்தம் இல்லை. படகுக்கு அடியில் தண்ணீர் நக்குகிற ஓசை மட்டும் எப்போதாவது கேட்டது.

ஜெனிட்டா உட்கார்ந்திருந்த பலகையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்குக் கடல் உள்வாங்கினப்ப இப்படித்தான் இருந்துச்சு. சத்தமே இல்லாம" என்றாள்.

"இது வேறம்மா" என்றார் கபீர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். சத்தமாகப் பேச அவருக்கும் தோன்றவில்லை. "சோளகம் வர்ற நேரம்தான். வெயில் ஏறினா தெக்கேருந்து காத்து கிளம்பும். பாயை விரிச்சா நேரா நம்ம கரையில கொண்டுபோய் விட்டுடும்."

அரசப்பன் படகில் படுக்கப் போட்டிருந்த பாய்மரத்தை நிறுத்திக் கயிறுகளைக் கட்ட ஆரம்பித்தார். ஜெனிட்டா மூச்சை இழுத்து விட்டுவிட்டு, முதல்முறையாகப் படகின் விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே இருந்தாள்.

"அண்ணே, கீழ வயல் தெரியுது" என்றாள்.

கபீரும் எட்டிப் பார்த்தார். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்து அவர் பார்த்ததில்லை. எப்போதும் காற்றும் வலையும் கலக்கிவிட்ட சேற்று நிறம்தான் அங்கே. இன்று வெயில் அடிவரைக்கும் இறங்கியிருந்தது. இரண்டு ஆள் ஆழத்தில் கடற்புல் நின்றது. நட்டுச் சில வாரமான குறுவைப் பயிர் மாதிரி, கண்ணுக்கு எட்டியவரை, ஒரே பச்சையாக. அடியில் ஓடிய நீரோட்டத்துக்கு அது மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து, மொத்தமாக நிமிர்ந்தது. அதன் நடுவே மாடு மேய்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து வெறுமையான பாதைகள் போயின.

அந்த இடத்தைத் தாண்டித்தான் அவர் தினமும் போய்க்கொண்டிருந்தார். கீழே புல் உண்டு என்று தெரியும். வலையில் சிக்கி வருவதைப் பிய்த்துப் போட்டிருக்கிறார். ஆனால் அது இப்படி நிற்கும் என்று தெரியாது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

யாரோ மூக்கைச் சிந்துவது மாதிரி, "புஸ்" என்று ஒரு மூச்சு. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை அது அறுந்து அறுந்து வந்தது, தண்ணீர் ஏறிய மூக்கில் மூச்சு விடுவதுபோல. பின்னாலேயே இன்னொரு மூச்சு, சின்னதாக.

அரசப்பன் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "அந்தா" என்றார். "வலை மிதக்குது. உள்ள என்னமோ கிடக்கு."

எங்கேயோ அறுந்து, யாருக்கும் இல்லாமல் அலைந்த வலை அது. நீரோட்டத்தோடு வந்து புல்வெளியின் மேல் சுருண்டு கிடந்தது. கட்டுக்கட்டாக நைலான் கயிறும் மிதவைக் கட்டைகளும் தெரிந்தன. அரசப்பன் நீளக் கம்பை எடுத்து அடியில் ஊன்றித் தள்ளினார். கபீர் பின்னால் துடுப்பைப் பிடித்துக்கொண்டார். வத்தை சத்தமில்லாமல் நகர்ந்தது.

பக்கத்தில் போனதும் முதலில் தெரிந்தது ஒரு முதுகு. கவிழ்த்துப் போட்ட சின்னத் தோணி மாதிரி, பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில், நீளநீளமாகக் கீறல் தழும்புகளோடு. அது அசைந்தது. தலை மேலே வந்தது. பரந்த மூஞ்சி, தொங்கும் மேலுதடு முழுக்க முள்முள்ளாக மயிர், அதன் உச்சியில் இரண்டு மூக்குத் துளைகள். அவை ஒரு கணம் திறந்து மூச்சை விட்டு, இழுத்து, மூடிக்கொண்டன. உடனே வலையின் பாரம் தலையைக் கீழே இழுத்தது.

"ஆவுளியா" என்றார் கபீர், வாய்க்குள்ளேயே.

கடல்பசு. செத்ததைப் பார்த்திருக்கிறார். கரையில் ஒதுங்கி, வயிறு ஊதி, நாய்கள் சுற்றி நிற்க. உயிரோடு பார்த்ததில்லை. அந்தக் கரையில் உயிரோடு பார்த்தேன் என்று சொல்பவர்களை, சும்மா கதைவிடுகிறார்கள் என்றே அவர் நினைத்திருந்தார்.

வால் பக்கம் கயிறு நாலைந்து சுற்றுச் சுற்றியிருந்தது. ஒரு துடுப்புக்கையும் வலைக்குள் மாட்டியிருந்தது. மேலே வந்து மூச்சு எடுப்பதற்கே அது முழு உடம்பையும் உந்த வேண்டியிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி உந்திக்கொண்டிருந்ததோ தெரியாது. அதன் விலாவை ஒட்டி, அதே உருவத்தில், வெளிர் நிறத்தில் ஒரு குட்டி. தாய் மேலே வரும்போது அதுவும் மேலே வந்தது. தாய் கீழே போகும்போது கூடவே போனது.

"வால் அடிச்சா படகு கவுந்துடும்" என்றார் அரசப்பன். சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றிவிட்டுக் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

கபீர் படகின் விளிம்பில் வயிற்றை வைத்துப் படுத்தார். தலைப்பக்க வலையை இரண்டு கைகளாலும் அள்ளிப் பிடித்து மேலே இழுத்தார். அவ்வளவு கனம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. தோள் பிய்ந்துவிடும் போல் இருந்தது. தலை தண்ணீருக்கு மேலே வந்தது. மூக்குத் துளைகள் திறந்தன. மூச்சு அவர் முகத்தில் அடித்தது. வெதுவெதுப்பாக, ஈரமாக, அசை போடும் பசுவின் வாயிலிருந்து வருகிற அதே புல் வாசனையோடு. கடலுக்கு நடுவே அந்த வாசனை வந்ததில் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இன்னொரு மூச்சு எடுத்தது. இன்னொன்று. இழுத்துப் பிடித்திருக்கும் வரை தான் உந்த வேண்டியதில்லை என்று அது புரிந்துகொண்டதோ, களைத்துத்தான் போனதோ, உடம்பைத் தளர்த்தியது. தன் முழுத் தலையையும் அவர் கையில் விட்டது. அதன் கண் அவருக்கு மிக அருகே இருந்தது. அவ்வளவு பெரிய உடம்புக்கு மிகச் சின்னக் கண். கறுப்பு. ஓரத்தில் கொழகொழவென்று நீர் வடிந்தது. அது அவரைப் பார்த்தது என்றுதான் கபீர் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார். என்ன பார்வை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

"கயிறு கத்திக்கு வெட்டுப்பட மாட்டேங்குது" என்று அரசப்பன் மூச்சு வாங்கத் தலையை வெளியே நீட்டினார்.

ஜெனிட்டா பையைத் தலைகீழாகக் கொட்டினாள். கம்பி வெட்டும் பெரிய குறடு ஒன்றை எடுத்து நீட்டினாள். அரசப்பனின் கை எட்டவில்லை. அவள் யோசிக்காமல் விளிம்பைத் தாண்டிக் காலை வெளியே போட்டாள். இடது கையால் படகைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் தொங்கினாள். குறடு அரசப்பன் கைக்குப் போனது. திரும்பப் படகுக்குள் ஏறாமல் அங்கேயே இருந்து, துடுப்புக்கையில் சிக்கியிருந்த வலையை ஒவ்வொரு கண்ணாக விரலால் விலக்க ஆரம்பித்தாள்.

குட்டி அவளிடம் வந்தது. அவளுக்கும் தாய்க்கும் நடுவே நுழைந்து, அவள் வயிற்றில் மூஞ்சியை முட்டிக்கொண்டு நின்றது. அவள் வேலையை நிறுத்தவில்லை.

கடைசிக் கயிறு அறுந்தது கபீரின் கைக்குத்தான் முதலில் தெரிந்தது. பாரம் திடீரென்று போய்விட்டது. "விலகுங்க" என்று கத்தினார். அரசப்பன் நீந்தி விலகினார். ஜெனிட்டா படகோடு ஒட்டிக்கொண்டாள்.

அது வாலை அடிக்கவில்லை. தண்ணீரின் மேல்பரப்பில் அப்படியே கிடந்து மூன்று மூச்சு எடுத்தது. குட்டி சுற்றிவந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிறகு, ஒரு கதவு மூடுவதுபோல, அவசரமில்லாமல் கீழே இறங்கியது. தெளிந்த தண்ணீரில் இரண்டையும் அடிவரைக்கும் பார்க்க முடிந்தது. புல்வெளிக்குப் போய்ச் சேர்ந்ததும் தாய் மூஞ்சியைத் தரையில் பதித்தது. சேறு புகைந்தது. அது மேய்ந்தது.

"பசியில இருந்திருக்கு" என்றாள் ஜெனிட்டா.

இரண்டு உருவமும் பச்சைக்குள் நிழலாகி, நிழலும் தெரியாமல் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அரசப்பனும் கபீரும் சேர்ந்து ஜெனிட்டாவைத் தூக்கிப் படகில் ஏற்றினார்கள். அறுத்த வலையையும் மிச்சமில்லாமல் இழுத்து ஏற்றினார்கள். சோளகம் கிளம்பி முதல் சுருக்கம் தண்ணீரில் ஓடியபோது அரசப்பன் பாயை விரித்தார். நெல் தூசி பொன்னாகப் பறந்தது. பாய் உப்பியது. வத்தை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து ஓட ஆரம்பித்தது.

வழியெல்லாம் ஜெனிட்டா கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உடம்பு காய்ந்து உப்புப் பூத்தது. கரை நெருங்கும்போது, "எஞ்சின் ஓடிக்கிட்டிருந்தா நமக்கு அந்த மூச்சு கேட்டிருக்காதுல்ல?" என்று கேட்டாள்.

"கேட்டிருக்காது" என்றார் கபீர்.

அன்று சாயங்காலம் வனத்துறைக்குத் தகவல் சொன்னார்கள். அவர்கள் வந்து இடம் கேட்டுக்கொண்டு, வலையையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜெனிட்டா அன்றே ஊர் திரும்புவதாக இருந்தது. திரும்பவில்லை. கமருன்னிஸாவின் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கினாள். கபீர் நடந்ததைச் சொல்லச் சொல்ல, கமருன்னிஸா அவளைத்தான் பார்த்தார். கடலில் கழுத்தளவு இறங்கியதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கவில்லை. போனில் ஜெரால்டிடம் மட்டும் அவள் வெகுநேரம் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் எஞ்சினைப் பிரித்தார்கள்.

ஹெட்டைத் தூக்கியதும் நிலைமை தெரிந்தது. அதற்கும் பிளாக்குக்கும் நடுவில் இருந்த தகடு உப்பில் அரித்துப்போயிருந்தது. லைனரை உருவியதில் அடியில் இருந்த ரப்பர் வளையங்கள் பிசின் மாதிரி கையில் ஒட்டின. லைனரிலேயே மயிரிழை போல ஒரு விரிசல். ஜெனிட்டா பிளாக்கைத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, சுண்ணாம்புப் பொடி தூவிக் காத்திருந்தாள். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் வெள்ளையில் கோடு நனையும் என்றாள். எங்கேயும் நனையவில்லை.

அடுத்து அடிப்பக்கத்தைத் திறந்தாள். பேரிங் மூடியைக் கழற்றி, பால் நிறத்து ஆயிலைத் துணியால் வழித்தாள். கிராங்க் வெளிப்பட்டது. அவள் விரல் நகத்தை அதன்மேல் வைத்து மெதுவாக ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள்.

"வந்து பாருங்க" என்றாள்.

இருவரும் குனிந்தார்கள். வெளியே துருவும் கரியும் ஏறிக் கிடந்த அந்த இரும்புக்குள் கிராங்க் கண்ணாடி மாதிரி மின்னியது. ஒரு கீறல் இல்லை. வெயில் பட்டு அதிலிருந்து ஒரு வெளிச்சக் கீற்று படகின் பலகையில் விழுந்தது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை நூறு சுற்று, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை வருடம் என்று கபீர் மனசுக்குள் கணக்குப் போடப் பார்த்துப் பாதியிலேயே விட்டுவிட்டார். இத்தனை காலமும் இருட்டில், யாரும் பார்க்காமல், அது தன்னைத் தானே தேய்த்து மெருகேற்றிக்கொண்டு சுற்றியிருக்கிறது.

"நான் எத்தனையோ பிரிச்சிருக்கேன். உப்புத்தண்ணில ஓடினது இப்படி இருந்து பாத்ததில்லை" என்றாள் ஜெனிட்டா. அவள் குரலில் தொழில்காரியின் அலட்சியம் சுத்தமாக இல்லை.

பிறகு கைகளைத் துடைத்துக்கொண்டு நேராகப் பேசினாள். "ரெண்டு பேரும் கேளுங்க. புது லைனர், பிஸ்டன், பேரிங், ஹெட். எல்லாம் மாத்தினா இது இன்னும் நல்ல காலம் ஓடும். ஆனா பழைய வேகம்தான். தூரத்துக்குப் போகணும், சீக்கிரம் வரணும்னா இது சரிப்படாது. புதுசுதான் வாங்கணும். அப்ப அரசண்ணே சொல்ற மாதிரி விலாக்கட்டைய அறுக்கணும். ரெண்டுமே தப்பில்லை. எதுக்காகப் போறீங்கன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

அரசப்பன் கபீரைப் பார்த்தார். இத்தனை நாள் சண்டை போட்டவர் இப்போது தன் கட்சியைப் பேசவில்லை. "உனக்குப் புதுசுதான் வேணும்னா அறுத்துக்கலாம் கபீரு. நான் தடுக்கல" என்றார்.

கபீர் தன் கைகளைப் பார்த்தார். வலை இறுக்கியதில் இரண்டு உள்ளங்கையிலும் சிவப்புக் கோடுகள் இன்னும் இருந்தன.

"நேத்து அந்த இடத்துல எவ்வளவு நேரம் இருந்தோம்?" என்று கேட்டார்.

"யாருக்குத் தெரியும்" என்றார் அரசப்பன்.

"அந்த இடத்த இன்னும் வேகமாத் தாண்டிப் போகணும்னுதான் நான் இத்தன நாளா அடம்பிடிச்சேன்." கிராங்க்மேல் விரலை வைத்தார். "இதையே சரிபண்ணுவோம். பாயையும் நெல்லு மூடப் போடாத. தச்சுக் கொண்டா."

அரசப்பன் சிரித்தார். "நெல்லுக்கு?"

"நெல்லுக்கு வேற படுதா வாங்கிக்கலாம்."

பழுதான பாகங்களை ஜெனிட்டா நாகப்பட்டினத்துக்கு எடுத்துப் போனாள். சில நாளில் ஜெரால்டோடு திரும்பி வந்தாள். இருவரும் சேர்ந்து எஞ்சினைப் பூட்டினார்கள். முதல் சுற்றிலேயே பிடித்தது. புகை தெரியவே இல்லை. துடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக, திருத்தமாகக் கேட்டது. ஜெரால்ட் கைகட்டி நின்று கேட்டுவிட்டு, "நல்லாப் பாடுது" என்றார்.

சோதனை ஓட்டத்துக்குப் புறப்பட்டபோது கமருன்னிஸா கரையில் வந்து நின்றார். பக்கத்தில் அரசப்பனின் மனைவி ராஜாத்தி.

"நாங்களும் வர்றோம்" என்றார் கமருன்னிஸா.

கபீர் தயங்கினார். பெண்கள் வத்தையில் ஏறுவது அங்கே வழக்கம் இல்லை. ஆனால் எஞ்சின் பக்கத்தில் ஜெனிட்டா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அவள் நகர்ந்து இடம் விட்டாள். இருவரும் ஏறிக்கொண்டார்கள்.

பச்சைக் கோடாகக் கரை மெலிந்த இடத்தில் கபீர் எஞ்சினை நிறுத்தினார். இந்தத் தடவை அவராகவே. அமைதி வந்து படகைச் சுற்றி உட்கார்ந்தது. அன்றைக்கு மாதிரி முழுத் தெளிவில்லை, ஆனாலும் அடி தெரிந்தது. கமருன்னிஸா முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டு விளிம்பில் குனிந்தார். ராஜாத்தி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

கீழே புல் சாய்ந்தது. நிமிர்ந்தது. வெள்ளி ஊசிகள் மாதிரி மீன்குஞ்சுகள் அதற்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தன. ஒரு நட்சத்திர மீன் தன் பாட்டுக்கு ஒரு புல்லைத் தழுவிக்கொண்டு கிடந்தது. மேகம் ஒன்று வெயிலைத் தாண்ட, அதன் நிழல் அந்த வெளியின் மேல் மெதுவாக நடந்து போனது.

கமருன்னிஸா பிறந்ததும் வளர்ந்ததும் வாழ்க்கைப்பட்டதும் இந்தக் கடலோரத்தில்தான். மீனை ஆய்ந்த கை. அலையின் சத்தத்தில் தூங்கிய காது. கடலுக்கு ஒரு தரை உண்டு என்பதை அவர் கண் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

காத்திருந்தார்கள். மூச்சுச் சத்தம் எதுவும் வரவில்லை.

"இன்னைக்கு வராது போல. வேற பக்கம் மேயப் போயிருக்கும். கிளம்பலாமா?" என்று கபீர் கேட்டார்.

கமருன்னிஸா தலையைத் தூக்கவில்லை. கையைத் தண்ணீருக்குள் விட்டு, அந்தப் பச்சைக்கு நேரே விரல்களை விரித்து வைத்திருந்தார்.

"இருங்க" என்றார். "இன்னும் பாத்து முடிக்கல."